வலை கிழிந்ததை யார் சொல்வது?

ஆழ்கடலில் இழுபடும் வலைக்குள் இப்போது சென்சார்கள் பேசுகின்றன. அவை சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன, நம் கரைக்கு அதில் எது தேவை?

அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில் பொல்லாக் மீன் பிடிக்கும் ஒரு பெரிய கப்பலை எடுத்துக்கொள்வோம். வலை அரை கிலோமீட்டருக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. வீல்ஹவுஸில் கேப்டனுக்கு முன்னால் வரிசையாகத் திரைகள். வலையின் வாய்க்கு மேலே கட்டியிருக்கும், எதிரொலியால் பார்க்கும் எக்கோ கருவி, மீன்கள் திரளாக உள்ளே நுழைவதைக் காட்டுகிறது. முக்கால் மணி நேரம் ஆகிறது. இவ்வளவு மீன் நுழைந்திருந்தால் வலையின் கடைசிப் பையில் இருக்கும் சென்சார் இதற்குள் விளக்கெரித்திருக்க வேண்டும். அது மௌனமாக இருக்கிறது. இன்னொரு மூலையில், வலையை இழுக்கும் கம்பியின் விசை சற்றே குறைந்திருக்கிறது. இன்ஜினைத் தொடவில்லை, ஆனால் கப்பலின் வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கேப்டன் யோசிக்கவே மாட்டார். வலையை ஏற்றச் சொல்லிவிடுவார். மேலே வந்தால் வலையின் வயிற்றில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். வாயில் நுழைந்த மீனெல்லாம் வயிறு வழியாக வெளியே போயிருக்கும்.

குளிர்கடல் நாடுகளில் ஒரு கிழிசல் பிடிபடுவது ஏறக்குறைய இப்படித்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே எந்தக் கருவியும் 'வலை கிழிந்துவிட்டது' என்று சொல்லவில்லை. ஒன்று மீன் நுழைவதைச் சொன்னது. இன்னொன்று பை நிறையவில்லை என்றது. மூன்றாவது, இழுவை லேசாகிவிட்டது என்றது. மூன்றையும் சேர்த்துக் கிழிசல் என்று படித்தது மனித மூளை. சென்சார் விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த விஷயம் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தொழில்

இழுவலை என்பது வாய் அகன்று வால் குறுகிய பெரிய பை. வாயின் மேல்கயிற்றில் மிதவைகள், அடிக்கயிற்றில் சங்கிலியோ ரப்பர் உருளைகளோ. மேலும் கீழும் விரிய இவை போதும். பக்கவாட்டில் விரிப்பதற்குத்தான் வழி தெரியாமல் ரொம்ப காலம் தவித்தார்கள். வாயின் குறுக்கே ஒரு நீண்ட மரச்சட்டத்தைக் கட்டி இழுத்தார்கள். 1894-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள கிராண்டன் துறைமுகத்தில் ஸ்காட் என்பவர் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பலகைகளைச் சாய்வாகக் கட்டினார். தண்ணீர் மோதும்போது பலகைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடும்; வலையின் வாய் தானாகத் திறக்கும். காசிமேட்டிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகின் பின்பக்கம் தொங்கும் பலகைகள் இந்த ஸ்காட்லாந்துப் பலகைகளின் வாரிசுகள்தான்.

இந்த ஏற்பாட்டில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. பலகை நிமிர்ந்து ஓடுகிறதா, சேற்றில் படுத்துவிட்டதா, வலையின் வாய் திறந்திருக்கிறதா, முறுக்கிக்கொண்டதா, எதுவும் தெரியாது. மூன்று மணி நேரம் இழுத்துவிட்டு மேலே தூக்கும்போதுதான் விடை கிடைக்கும். முதல் பத்து நிமிடத்திலேயே பாறையில் உரசிக் கிழிந்திருந்தால், மீதி நேரமெல்லாம் டீசலைக் கடலில் கொட்டியதற்குச் சமம். இழுவைப் படகில் பயணச் செலவின் பெரும்பங்கு டீசலுக்குத்தான் போகிறது என்பதால் இந்த வலி சாதாரணமானதல்ல.

முன்னெல்லாம் சென்சார் வேலையைச் செய்தது மனித உடம்பு. வின்சிலிருந்து கடலுக்குள் இறங்கும் கம்பி ரோப்பின் மேல் கையையோ காலையோ வைத்து அதிர்வைப் படிப்பார்கள். பலகை மணலில் ஓடினால் ஒரு மாதிரி, கல்லில் ஓடினால் வேறு மாதிரி. இன்ஜினின் முனகல் மாறும், புகை கறுக்கும். நம் டிரைவர்கள் இன்றும் இப்படித்தான் படிக்கிறார்கள். அனுபவசாலிகளுக்கு இது கைவந்த கலை. ஆனால் காற்றும் அலையும் கூடிய இரவில், இரண்டு நாள் தூக்கமில்லாத உடம்பு எவ்வளவு நுட்பமாக அதிர்வைப் படித்துவிடும்?

மூங்க்கின் ஊரிலிருந்து வந்த குரல்

கடலுக்கு அடியில் இருப்பதை மின்னணுக் கருவியால் பார்க்கலாம் என்ற நம்பிக்கை மீனவர்களுக்கு எக்கோ கருவியால் வந்தது. நார்வேயின் ஆஸ்கர் சுண்ட் என்ற விஞ்ஞானி, லொஃபோட்டன் தீவுகளுக்கு அருகே காட் மீன் கூட்டங்களை எக்கோ கருவியில் பதிவு செய்து 1935-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். 1948-ல் ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரை நம் துறைமுகங்களில் இன்று தெரியாதவர் கிடையாது.

இவையெல்லாம் கப்பலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்பவை. வலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கருவியை வலையிலேயே கட்ட வேண்டும். அதிலிருந்து கப்பலுக்குச் செய்தி வர வேண்டும். அங்கேதான் சிக்கல். ரேடியோ அலை கடல் நீரில் கொஞ்ச தூரம்கூடப் போகாது. உப்புநீர் அதை விழுங்கிவிடும். ஆகவே முதலில் வந்த கருவிகளுக்குக் கப்பலிலிருந்து வலை வரை தனியாக ஒரு கேபிள் ஓடியது. இரண்டு இழுகம்பிகளோடு இது மூன்றாவது கம்பி. பெரிய கப்பல்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. இழுகயிறு, வலை செய்வதில் புகழ்பெற்ற ஐஸ்லாந்தின் ஹாம்பிட்யான் நிறுவனம் இப்போது செயற்கை இழைக்குள் ஒளியிழை வைத்த கேபிள்களையே விற்கிறது. வலைக்குள் கேமரா வைத்து நேரலையாகப் பார்க்கும் வசதி அதனால் வந்தது.

அந்த மூன்றாவது கம்பிக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. கப்பலின் பின்னால் காற்றில் நீண்டு நிற்கும் அதில் கடற்பறவைகள் மோதிச் சாகின்றன. அண்டார்க்டிக் கடலின் உயிர்வளங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் தன் எல்லைக்குள் அதற்குத் தடை விதித்தது. கட்டுப்பாடுகளோடு சில விதிவிலக்குகளுக்குப் பிற்பாடு வழிவிட்டது.

கம்பியில்லாமல் செய்தி அனுப்ப ஒரே வழி ஒலி. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 1980-களின் தொடக்கத்தில் நார்வேயின் ஓஸ்கார்ட்ஸ்டிராண்ட் என்ற சின்ன ஊரிலிருந்து ஸ்கான்மார் என்ற நிறுவனம் இந்த வழியில் பேசும் வலை சென்சார்களைக் கொண்டுவந்தது. ஓவியர் எட்வர்ட் மூங்க் கோடைகாலங்களைக் கழித்த கடலோர ஊர் அது. அதே கரையில் சில கிலோமீட்டர் தள்ளி ஹார்ட்டன் ஊரில் சிம்ராட். அட்லாண்டிக்கின் மறுகரையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நோட்டஸ். உலகத்தின் இழுவலைகளுக்கு வாய் கொடுத்தவர்கள் இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சில குளிர்நாட்டு நிறுவனங்கள்தான்.

எந்தக் கருவி எதைச் சொல்கிறது?

பலகைகளில் கட்டும் சென்சார்கள் ஜோடியாக வேலை செய்யும். ஒன்று ஒலி எழுப்பும். அடுத்த பலகையில் இருப்பது பதில் சொல்லும். ஒலி போக எடுத்த நேரத்தை வைத்து இடைவெளியைக் கணக்கிடலாம். பலகைகளுக்கு நடுவே 120 மீட்டர் என்றால் ஒலி ஒரு பக்கம் கடக்க 0.08 நொடி. இந்த எண்தான் கிழிசலின் முதல் துப்பு. வலை கிழிந்தால் அது தண்ணீரைத் தடுத்து நிற்பது குறையும். தடை குறைந்தால் பலகைகளைப் பிடித்திழுக்க ஆளில்லை. அவை வழக்கத்தைவிட விலகி ஓடும். சேற்றை அள்ளிக்கொண்டால் நேர்மாறு: வலை கனத்து, பலகைகள் நெருங்கும். பலகையின் சாய்வைச் சொல்லும் கருவிகளும் உண்டு. ஒரு பலகை படுத்துவிட்டால் உடனே தெரியும்.

வலைவாயின் மேல்கயிற்றில் கட்டும் கருவி கீழ்நோக்கிப் பார்க்கும் குட்டி எக்கோ கருவி. மேல்கயிற்றுக்கும் அடிக்கயிற்றுக்கும் இடையே எவ்வளவு உயரம், நடுவே மீன் போகிறதா என்று காட்டும். அடிக்கயிறு அறுந்தால் படத்தில் அந்தக் கோடு தடுமாறும் அல்லது காணாமல் போகும். வாயின் குறுக்கே தண்ணீர் நேராகப் பாய்கிறதா, ஒரு பக்கமாகச் சரிகிறதா என்று அளக்கும் சென்சாரும் இருக்கிறது. ஒரு பக்க இறக்கை கிழிந்தால் வலை கோணும். கோணினால் நீரோட்டம் சரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பையின் சென்சார். அதன் யுக்தி எளிமையானது. ஒரு உருளைக்குள் மின்னணுக் கருவி. அதிலிருந்து நீளும் மெல்லிய கயிறு பக்கத்துக் கண்ணிகளில் கொக்கியால் மாட்டப்பட்டிருக்கும். பை காலியாக இருக்கும்போது கண்ணிகள் தொய்ந்து கிடக்கும். மீன் சேரச் சேர பை உருண்டு, கண்ணிகள் விரிந்து, கயிற்றை இழுக்கும். கயிறு ஸ்விட்சை இழுக்கும். கப்பலில் விளக்கு எரியும். முன்னே ஒன்று, நடுவே ஒன்று, பின்னே ஒன்று என்று வைத்தால் பை எந்த அளவுக்கு நிறைந்தது என்று படிப்படியாகத் தெரியும். வலை அளவுக்கு மீறி நிறைந்து வெடித்துக் கிழிவதைத் தடுப்பதும் இதுதான். பெரிய கப்பல்களில் ஒரே இழுப்பில் நூறு டன்னுக்கு மேல் மீன் சேரும். அந்தக் கனம் பின்பக்கச் சரிவில் ஏறும்போது பை பிளந்துகொண்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீருக்குள்ளேயே போகாத ஒரு கருவி. இழுகம்பியின் விசையை அளப்பது. கப்பலின் மேல்தளத்தில், கம்பி ஓடும் கப்பியிலோ வின்சின் எண்ணெய் அழுத்தத்திலோ இதை அளந்துவிடலாம். இரண்டு கம்பியும் சமமாக இழுபட்டால் எல்லாம் நலம். இரண்டிலும் விசை மெல்லக் கூடினால் மீனோ சேறோ ஏறுகிறது. இரண்டிலும் சட்டென்று குறைந்தால் வலை பிளந்திருக்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கம் ஏதோ அறுந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் எகிறினால் பாறையோ, மூழ்கிய கப்பலோ பிடித்துக்கொண்டது.

நார்வேயின் பெர்கன் நகரத்தில் உள்ள ஸ்கேன்ட்ரோல் போன்ற நிறுவனங்கள் ஒரு படி மேலே போய், இந்த விசையைக் கணினியிடம் கொடுத்து வின்சையே அதன் கட்டுப்பாட்டில் விட்டன. விசை எல்லை தாண்டினால் வின்ச் தானாகக் கம்பியை விட்டுக்கொடுக்கும். மனிதன் சுதாரித்து லீவரைத் தொடுவதற்குள் கருவி கம்பியைத் தளர்த்திவிடும். வலை கிழிந்த பிறகு சொல்வதைவிட, கிழியாமல் காப்பாற்றுவதில்தான் மின்னணுவியல் உண்மையில் சாதித்திருக்கிறது என்பேன்.

ஓட்டையையே நேராகப் பிடிக்க முடியாதா?

யாருக்கும் தோன்றும் கேள்வி. வலையின் நூலோடு மெல்லிய மின்கம்பியைப் பின்னிவிட்டால் போகிறது. நூல் அறுந்தால் கம்பியும் அறும், மின்சாரம் நிற்கும், மணி அடிக்கும். காகிதத்தில் அழகான யோசனை.

கடல் இதற்கு ஒத்துழைப்பதில்லை. உப்புநீரே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அறுந்த கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே தண்ணீர் பாலம் போட்டுவிடும். மேலுறை போட்டால் அது மணலில் தேயும். இழுவலையின் நூல் இழுபடும்போது நீளும், தளரும்போது சுருங்கும். செம்பு அப்படி நீளாது. ஒவ்வொரு இழுப்புக்கும் முழு வலையும் உருளையில் டன் கணக்கான அழுத்தத்தில் சுற்றப்படும். அதற்கும் மேல், வலை நெடுகப் பல்லாயிரம் கண்ணிகள். எந்தக் கண்ணியில் கிழியும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஒளியிழையைப் பின்னலாம் என்றால், பாலத்திலும் அணையிலும் நன்றாக உழைக்கும் அது, முடிச்சுக்கு முடிச்சு மடிக்கப்படும்போது உடையும்.

அசையாத வலைக்கு நிலைமை வேறு. நார்வேயில் சால்மன் வளர்க்கும் கூண்டு வலைகளில் கிழிசல் என்பது தேசியப் பிரச்சினை. ஒரு கூண்டில் சட்டப்படி 2 லட்சம் மீன்கள் வரை இருக்கலாம். ஓட்டை விழுந்தால் பண்ணை மீன் தப்பி ஆற்றுக்குள் ஏறி, காட்டு சால்மனோடு கலந்துவிடும். அதனால் 2003-லேயே கூண்டுகளுக்கென்று தனித் தரநிலை கொண்டுவந்தார்கள். நீருக்கடியில் ஓடும் ரோபோக்கள் கேமராவோடு வலைச் சுவரைக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்க்கின்றன. படத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்க இப்போது கணினிகளைப் பழக்குகிறார்கள். கூண்டு நின்ற இடத்தில் நிற்பதால் இது முடிகிறது. ஓடும் வலையைத் தடவிப் பார்க்க ரோபோவால் ஆகாது.

இழுவலைக்கு இதன் சின்ன வடிவம் கேமராதான். பிரிட்டனின் சேஃப்டிநெட் டெக்னாலஜீஸ் நிறுவனம் மீனவர்களே வலையில் கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய கேமரா ஒன்றை உருவாக்கியது. வலை மேலே வந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்க்கலாம். எங்கே உரசியது, மீன் எங்கே தப்பியது என்று தெரியும். கலங்கலான நீரில், சேறு பறக்கும் அடிக்கடலில் அதற்கும் கண் தெரியாது. சேறு பறக்காத இடத்தில் அடிமட்ட இழுவலை ஓடுவதே இல்லை என்பது தனிக்கதை.

ஆகவே கிழிசலைப் படிக்கத் தெரிந்த கடைசி நிபுணர் இன்னமும் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வலை பொத்துகிறவர். கிழிசலின் ஓரத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவார். நூல் தேய்ந்து நைந்திருந்தால் பாறை. கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கென்று இருந்தால் இரும்பு. முடிச்சுகள் இறுகி, உள்ளிருந்து பிளந்திருந்தால் பாரம். ஒரு கண்ணி அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கண்ணிகளுக்குப் போகிறது. அவையும் அறுந்து கிழிசல் சாய்வாக ஓடுகிறது. பொத்துகிறவர் முதலில் நூல் சேர்ப்பதில்லை. வெட்டுவார். நைந்ததை எல்லாம் களைந்து, மூன்று நூல்கால்கள் மிச்சமிருக்கும் ஒரு முடிச்சைத் தேடி, அங்கே ஊசியை நுழைத்துத் தொடங்குவார். இன்னொரு மூன்று கால் முடிச்சில் கொண்டுபோய் முடிப்பார். நடுவே ஒரு கண்ணி பெரிதாகவோ சிறிதாகவோ போனால் வலை தண்ணீரில் கோணும். அந்தக் கோணலைத்தான் பல லட்ச ரூபாய் சென்சார் கப்பலில் இருந்து கண்டுபிடிக்கிறது!

நான்கு பேர், மறுபடியும் நான்கு பேர்

வலை கிழிந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். கிழியாமல் மாட்டிக்கொண்டால் உயிரே போகலாம்.

1990 நவம்பர் 22. ஸ்காட்லாந்தின் அரான் தீவுக்கு அருகே அன்டாரிஸ் என்ற மீன்பிடிப் படகு வலையிழுத்துக்கொண்டிருந்தது. நீருக்கடியில் பயிற்சியில் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் டிரென்சன்ட் நீர்மூழ்கி அதன் வலையில் சிக்கியது. படகு பின்னோக்கி இழுக்கப்பட்டு மூழ்கியது. அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

1997 மார்ச். வடகடலில் வெஸ்ட்ஹேவன் என்ற ஸ்காட்லாந்துப் படகின் பலகை, கடலடி எண்ணெய்க் குழாயில் மாட்டிக்கொண்டது. குழாய்க்குக் கீழே மண் அரித்து இடைவெளி விழுந்திருந்த இடம் அது. விடுவிக்கும் முயற்சியில் படகு கவிழ்ந்தது. இதிலும் நான்கு பேர்.

இரண்டு கம்பியில் இழுக்கும் படகில் ஒரு கம்பி மட்டும் மாட்டிக்கொள்ளும்போது நடப்பது இதுதான்: இன்ஜின் முன்னே தள்ளுகிறது, மாட்டிய கம்பி பின்மூலையைக் கீழே இழுக்கிறது, படகு ஒருக்களிக்கிறது, பின்பக்கத் தளத்தில் தண்ணீர் ஏறுகிறது. அடுத்து ஓர் அலை போதும். வெஸ்ட்ஹேவன் விபத்தைத் தொடர்ந்து, எண்ணெய்க் குழாய்களையும் கடலடி அமைப்புகளையும் நெருங்கும்போது எச்சரிக்கும் ஃபிஷ்சேஃப் என்ற கருவி பிரிட்டனில் மீன்பிடிப் படகுகளுக்கு வந்தது. குழாய் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த இடத்துக்கு அது உதவும். தெரியாத பாறைக்கு உதவுவது கம்பியின் விசையை அளக்கும் கருவி மட்டும்தான்.

மாட்டிக்கொண்ட வலையை அறுத்துவிட்டு வந்தால் படகு பிழைக்கும். வலை கடலில் கிடக்கும். பல நாடுகளில் மீனவர்களை நேரில் கேட்டுத் தொகுத்து 2022-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 218 சதுர கிலோமீட்டர் இழுவலை கடலில் தொலைகிறது என்று கணக்கிடுகிறது. 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியில் பாதிக்கு மேல் மூடிவிடலாம். பாலிஎத்திலீன் வலை தண்ணீரைவிட லேசானது, மிதந்து ஊர் ஊராகப் போகும். நைலான் கனமானது, மூழ்கிப் பவளப்பாறையில் படியும். நார்வே 1980-களிலிருந்து ஆண்டுதோறும் கப்பல் அனுப்பித் தொலைந்த வலைகளை வாரி எடுக்கிறது. வலை தொலைந்தால் அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நம் பக்கம் என்ன நிலை?

தமிழ்நாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் இருக்கின்றன. ஜிபிஎஸ், எக்கோ கருவி, விஎச்எஃப் ரேடியோ இல்லாத படகைப் பார்ப்பது அரிது. வலையில் கட்டிய சென்சாரைப் பார்ப்பது அதைவிட அரிது. பார் எனப்படும் கடலடிப் பாறை இருக்கும் இடமெல்லாம் டிரைவரின் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்கப்பட்டிருக்கும். அதுதான் நம்முடைய கிழிசல் தடுப்பு முறை. புது இடங்களையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மீன்வளத் துறையும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் கரையோரங்களில் செயற்கைப் பாறைகளைப் போட்டு வருகின்றன. மீன் குஞ்சுகளுக்கு அது வீடு. நாட்டுப்படகு மீனவர்கள் அதை வரவேற்பதற்கு இன்னொரு காரணம், அங்கே இழுவலை போட்டால் கிழியும் என்பது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். துறைமுகத்தில் அந்த நாட்களில் நடந்தால் காலில் தட்டுவதெல்லாம் வலை. ஓராண்டின் கிழிசல்கள் அப்போதுதான் முழுதாகப் பொத்தப்படுகின்றன.

நார்வே சென்சார்களை அப்படியே வாங்கிக் கட்டலாமா? நம் படகுக்குச் சரிப்படாது. ஒரு முழு செட் விலை நம் படகு உரிமையாளரைப் படுக்க வைத்துவிடும். கப்பலின் அடியில் ஒலி வாங்கும் கருவி பொருத்த வேண்டும். சென்சார்கள் கிலோ கணக்கில் எடை கொண்டவை. நம் சிறிய வலையில் கட்டினால் வலையின் வாயே தொங்கும். பெரிய கப்பலுக்கு நியாயமான செலவு, 60 அடிப் படகுக்கு ஆடம்பரம்.

இன்னொரு தயக்கமும் எனக்கு இருக்கிறது, அது விலையைவிடப் பெரியது. வலையைச் சரியாக விரிக்கவும், மீன் நுழைவதைப் பார்க்கவும், பை நிறைவதை அறியவும் உதவும் கருவி எல்லாம் அடிப்படையில் அதிக மீன் பிடிக்க உதவும் கருவி. ஏற்கெனவே வாரி எடுத்துவிட்ட கடலில் அதற்கு மானியம் கொடுத்தால் நாமே நம் காலில் வெட்டிக்கொள்வோம். பாக் நீரிணையில் நிலைமை இன்னும் கசப்பானது. அங்கே கிழிவது இழுவலை மட்டுமா? வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் இரவில் விரித்து வைத்த வலைகளை நம் இழுவைப் படகுகள் அறுத்துப் போகின்றன என்பது அவர்களுடைய நீண்டகால முறையீடு. அடிமட்ட இழுவலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்ததற்குப் பின்னால் அந்த முறையீடும் இருக்கிறது. தன் வலை கிழிந்ததைச் சொல்லும் சென்சார் உண்டு. அடுத்தவன் வலையைக் கிழித்ததைச் சொல்லும் சென்சாரை யாரும் செய்யவில்லை.

அதனால் என் கட்சி சின்னது. வலைக்குள் எதையும் கட்ட வேண்டாம். கம்பியின் விசையை மட்டும் அளப்போம். இரண்டு கம்பிக்கு இரண்டு விசையளவி, ஒரு சின்னத் திரை, ஒரு பஸ்ஸர். விசையளவி என்பது ஒன்றும் விண்வெளிச் சரக்கு கிடையாது. மீன் ஏலத்தில் எடை போடும் எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் இருப்பதும் அதே இனம்தான். உப்புக்காற்றுக்கும் டன் கணக்கான இழுவைக்கும் தாங்கும்படி செய்ய வேண்டும், அவ்வளவே. ஒரு பக்கம் எகிறினால் பஸ்ஸர் அடிக்கட்டும். டிரைவர் இன்ஜினைக் குறைப்பார். இரண்டும் சட்டென்று விழுந்தால் வேறு சத்தத்தில் அடிக்கட்டும். வலையைத் தூக்கிப் பார்ப்பார். மூன்று மணி நேர டீசல் மிச்சம். அதிகமாக ஒரு மீன்கூட இது பிடித்துத் தராது. அதனால்தான் இதைக் கேட்கிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. 1957-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், இழுகம்பியின் விசையை அளக்கும் மின்னணுக் கருவிகளை இந்தியச் சூழலுக்கென்றே பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது. அவை ஆய்வுக் கப்பல்களில் வலைகளைச் சோதிக்கப் பயன்பட்டன. படகு உரிமையாளரின் கைக்கு வரவில்லை. பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. ஆழ்கடலில் கருவிகளை இறக்கி வேலை வாங்கியவர்கள் அவர்கள். சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கருவி செய்யத் தெரிந்தவர்களும், கம்பியைத் தொட்டே கடலைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கிறார்கள்.

மீன்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையேறி, வின்ச் கழற்றப்பட்டு, கப்பிகள் கிரீஸ் பூசக் கிடக்கும். காசிமேடு, நாகை, தூத்துக்குடி மூன்றிலும் பத்துப் பத்துப் படகுகளைத் தேர்ந்தெடுத்து, அப்போதே விசையளவியைப் பொருத்துங்கள். எந்த அளவில் பஸ்ஸர் அடிக்க வேண்டும் என்பதை டிரைவர்களையே கேட்டு வையுங்கள். ஓராண்டு கழித்து எத்தனை வலை மிஞ்சியது, எத்தனை லிட்டர் டீசல் மிஞ்சியது என்று கணக்கெடுத்து வெளியிடுங்கள். பயன் இருந்தால் படகுச் சங்கங்கள் மானியத்துக்குக் காத்திருக்காமல் தாங்களே வாங்கிக்கொள்ளும்.